யூட்யூபின் ஆரம்ப வருடங்கள்: அந்த ஏக்கத்தில் எவ்வளவு உண்மை?

கேள்வி இது: "2005, 2006 வாக்கில் யூட்யூப் பார்த்தவர்கள் அந்தக் காலத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே உருகுகிறார்கள். நான் அதற்குப் பிறகு வந்தவன். அந்தப் பழைய வீடியோக்களைப் பார்த்தால் மங்கலாக, ஆடிக்கொண்டு, ஒன்றுமே இல்லாத மாதிரிதான் தெரிகிறது. அவர்கள் ஏங்குவது தங்கள் இளமைக்காகவா, இல்லை உண்மையாகவே அப்போது ஏதாவது வேறாக இருந்ததா? அந்த வீடியோக்களை இன்று தேடிப் பார்க்க வழி உண்டா?"

இளமைக்கு ஒரு பங்கு உண்டு, மறுக்க மாட்டேன். ஆனால் மீதிப் பங்கு உண்மையானது. அதைத் தேதியோடும் காரணத்தோடும் காட்ட முடியும். சுருக்கமாகச் சொன்னால், அந்த முதல் சில வருடங்களில் வீடியோ போடுகிறவர்களும் பார்க்கிறவர்களும் ஏறக்குறைய ஒரே கூட்டமாக இருந்தார்கள். பார்த்தவர் பதிலுக்குத் தானும் கேமரா முன்னால் உட்கார்ந்தார். அந்த நிலை எப்படி உருவானது, எப்படிக் கலைந்தது என்பதுதான் இந்தப் பதில்.

முதலில் அதற்கு முந்தைய நிலைமை. 2004-ல் இணையத்தில் வீடியோ இல்லாமல் இல்லை. ஆனால் ஒரு தளம் ரியல் பிளேயர் கேட்கும், அடுத்தது குவிக்டைம் கேட்கும், இன்னொன்று விண்டோஸ் மீடியா பிளேயர் கேட்கும். வீடியோவைப் பிரித்துக் காட்டும் சரியான கோடெக் என்ற மென்பொருள் இல்லையென்றால் சத்தம் மட்டும் வரும், படம் வராது. நீங்களே ஒரு வீடியோ போட வேண்டுமென்றால் சர்வரில் இடம் பிடிக்க வேண்டும். நாற்பது பேர் பார்த்தால் பிரச்சினை இல்லை. நாற்பதாயிரம் பேர் வந்துவிட்டால் மாதத்துக்குக் கொடுத்த அளவு தீர்ந்து பக்கமே முடங்கும், அல்லது பெரிய பில் வரும். வீடியோவைப் பொதுவில் ஏற்றிப் பகிரும் யோசனையும் புதிதில்லை. ஷேர்யுவர்வேர்ல்ட் என்ற தளம் 1997-லேயே அதைத் தொடங்கி, 2001-ல் மூடிவிட்டது. இணைய வேகமும் பிரவுசர்களும் அதற்குத் தயாராக இல்லை.

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது இந்தக் குறை முகத்தில் அறைந்தது. நாகப்பட்டினத்திலும் கடலூரிலும் மட்டக்களப்பிலும் சொந்தபந்தம் உள்ளவர்கள் உலகம் முழுக்க இருந்தார்கள். சுற்றுலா வந்தவர்களும் உள்ளூர்க்காரர்களும் கையில் இருந்த சின்னக் கேமராக்களில் அலையைப் பதிவு செய்திருந்தார்கள். அந்தத் துண்டுகள் இணையத்தில் எங்கோ இருந்தன, ஆனால் ஒரே இடத்தில் தேடிப் பார்க்க வழியில்லை. யூட்யூபைத் தொடங்கிய மூவரில் ஒருவரான ஜாவேத் கரீம், தனக்கு யோசனை வந்ததற்கு இதை ஒரு காரணமாகச் சொல்லியிருக்கிறார். அதே 2004-ல் அமெரிக்காவில் சூப்பர் பௌல் என்ற கால்பந்து இறுதிப் போட்டியின் இடைவேளையில் பாடகி ஜேனட் ஜாக்சனின் உடை மேடையில் விலகிய சம்பவத்தின் வீடியோவும் எங்கேயும் எளிதில் கிடைக்கவில்லை என்பது அவர் சொன்ன இன்னொரு காரணம். மற்ற இருவரான சாட் ஹர்லியும் ஸ்டீவ் சென்னும் சொன்ன கதை வேறு: சான் பிரான்சிஸ்கோவில் ஒரு விருந்து, அங்கே எடுத்த வீடியோவை நண்பர்களுக்கு அனுப்ப முடியாத அவஸ்தை. கரீம் அதை ஏற்கவில்லை. எனக்குக் கரீம் சொல்வதுதான் நம்பும்படி இருக்கிறது.

மூவரும் இணையத்தில் பணம் அனுப்பும் நிறுவனமான பேபாலில் வேலை பார்த்தவர்கள். 2005 பிப்ரவரி 14 அன்று தளத்தின் பெயரைப் பதிவு செய்தார்கள். ஆரம்பத்தில் அதை ஜோடி தேடும் வீடியோ தளமாக நடத்தப் பார்த்தார்கள். வீடியோ போடும் பெண்களுக்குப் பணம் தருவதாகக் கிரெய்க்ஸ்லிஸ்ட் என்ற விளம்பரத் தளத்தில் விளம்பரம்கூடக் கொடுத்தார்கள். யாரும் வரவில்லை. சரி, எந்த வீடியோ வேண்டுமானாலும் போடட்டும் என்று விட்டுவிட்டார்கள். ஏப்ரல் 23 அன்று முதல் வீடியோ ஏறியது. சான் டியகோ விலங்குக் காட்சிசாலையில் யானைகளுக்கு முன்னால் கரீம் நின்று, இவற்றின் தும்பிக்கை ரொம்ப நீளம் என்கிற அளவில் ஏதோ சொல்கிறார். 19 நொடி. அவ்வளவுதான். அதை இன்று பார்ப்பவர்கள் 'இதுவா?' என்று கேட்பது நியாயம். ஆனால் அதுவே அடுத்து வந்தவர்களுக்குத் தைரியம் கொடுத்தது. சொல்வதற்குப் பெரிதாக எதுவும் வேண்டியதில்லை, கேமரா முன்னால் நின்றாலே போதும் என்ற தைரியம்.

போட்டிக்கு ஆள் இல்லாமல் இல்லை. 2004 இறுதியில் விமியோ வந்தது. பிரான்ஸில் டெய்லிமோஷன் 2005 மார்ச்சில் வந்தது. கூகுளே கூகுள் வீடியோ என்று ஒன்றை நடத்தியது. அங்கே போட்ட வீடியோவை யாரோ சரிபார்த்த பிறகுதான் வெளியிடுவார்கள், அதற்கு நாட்கள் ஆகும். பார்ப்பதற்கும் தொடக்கத்தில் பிரவுசரில் தனியாக ஒரு பிளகின், அதாவது துணை மென்பொருள், நிறுவ வேண்டியிருந்தது. யூட்யூபோ ஃபிளாஷை எடுத்துக்கொண்டது. விளையாட்டுக்காகவும் விளம்பரத்துக்காகவும் ஃபிளாஷ் பிளேயர் ஏற்கெனவே பெரும்பாலான கணினிகளில் இருந்தது. நீங்கள் எந்த வடிவத்தில் ஏற்றினாலும் யூட்யூபின் சர்வர் அதை எஃப்எல்வி என்ற ஃபிளாஷ் வீடியோக் கோப்பாக மாற்றிவிடும். பார்ப்பவர் எதையும் நிறுவ வேண்டியதில்லை, பக்கத்தைத் திறந்தால் ஓடும். கூடவே ஒரு எம்பெட் குறியீடும் கொடுத்தார்கள். அதை நகலெடுத்து உங்கள் வலைப்பதிவிலோ மைஸ்பேஸ் பக்கத்திலோ ஒட்டினால் வீடியோ அங்கேயே ஓடும். சர்வர் செலவு யூட்யூபுக்கு. பிரபலமானால் பில் வரும் என்ற பயம் அதோடு ஒழிந்தது. 2006 ஜூலையில் ஒரு நாளைக்கு 10 கோடி முறை வீடியோ பார்க்கப்படுவதாகவும், தினமும் 65,000 புதிய வீடியோக்கள் வருவதாகவும் யூட்யூப் அறிவித்தது. அதே ஆண்டு அக்டோபரில் கூகுள் அதை 165 கோடி டாலருக்கு வாங்கியது. அப்போது யூட்யூபில் வேலை பார்த்தவர்கள் நூறு பேர்கூட இல்லை.

சரி, நம் பக்கம் அது எப்படி இருந்தது? அதற்கு ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அன்றைய யூட்யூப் வீடியோ 320-க்கு 240 புள்ளிகள் கொண்டது, நொடிக்குச் சுமார் 300 கிலோபிட் தேவை. பிஎஸ்என்எல் 2005 ஜனவரியில் தொடங்கிய டேட்டாஒன் பிராட்பேண்டின் வேகம் 256 கிலோபிட். அதாவது லைன் முழு வேகத்தில் இருந்தாலும் வீடியோ ஓடும் வேகத்துக்கு அது வந்து சேராது. 4 நிமிடப் பாட்டு முழுதாக இறங்க 5 நிமிடத்தை நெருங்கும். டயல்-அப்பில் அதே பாட்டுக்கு அரை மணி நேரம். பிரவுசிங் சென்டரில் ஒரே லைனைப் பல கணினிகள் பங்குபோடும்போது என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதனால் எல்லோரும் ஒன்றையே செய்தோம்: வீடியோவைத் திறந்து, உடனே நிறுத்தி, அந்தக் கோடு கடைசி வரை நிறையும்வரை காத்திருந்தோம். அந்த நேரத்தில் அன்றைய சமூக வலைத்தளமான ஆர்குட்டில் ஸ்க்ராப் (நண்பர்கள் எழுதிய செய்தி) பார்ப்போம், இன்னொரு ஜன்னலில் மெயில் பார்ப்போம். மாதத்துக்கு இவ்வளவு எம்பி என்ற வரம்பும் இருந்ததால், ராத்திரி 2 மணிக்கு மேல் கணக்கில் சேராத நேரத்துக்கு அலாரம் வைத்து எழுந்து பார்த்தவர்கள் ஏராளம். 2007 தொடக்கத்தில் பிஎஸ்என்எல் வேகத்தை 2 எம்பிபிஎஸ் வரை உயர்த்திய பிறகுதான் நிறுத்தாமல் பார்ப்பது சாத்தியமானது.

இந்தக் காத்திருப்புக்குப் பழைய ஆட்கள் ஏங்குகிறார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பஃபரிங் சகிக்க முடியாத தொல்லை. ஆனால் அதன் விளைவு ஒன்று இருந்தது, அதைத்தான் நினைக்கிறோம். இவ்வளவு காத்திருந்து பார்க்க வேண்டும் என்றால் யாராவது சொல்லித்தான் ஒரு வீடியோவைத் திறப்போம். நண்பன் லிங்க் அனுப்புவான், கூடவே 'கடைசி வரைக்கும் பார்' என்று எழுதியிருப்பான். ஒரு வீடியோவுக்குப் பின்னால் எப்போதும் ஒரு ஆள் இருந்தான். பார்த்த பிறகு அவனிடம் அதைப் பற்றிப் பேசியாக வேண்டும். ஒரே கணினி முன்னால் நான்கைந்து பேர் சாய்ந்து நின்று பார்ப்பதும் சாதாரணம்.

இன்னொரு விஷயமும் உண்டு. அன்றைய பிளேயர் கோப்பை முழுவதுமாக உங்கள் கணினிக்கு இறக்கிவிடும். பிரவுசரின் தற்காலிகக் கோப்புறையில் அது உட்கார்ந்திருக்கும். அளவைப் பார்த்துக் கண்டுபிடித்து, வேறு இடத்துக்கு நகலெடுத்து, பெயரின் கடைசியில் எஃப்எல்வி என்று ஒட்டினால் விஎல்சி என்ற பிளேயரில் ஓடும். இது தெரியாதவர்களுக்கு கீப்விட் போன்ற தளங்கள் இருந்தன. அப்படி எடுத்ததை சிடியில் எழுதிக் கொடுப்பார்கள், செல்போனில் ஓடும் 3ஜிபி வடிவத்துக்கு மாற்றி ப்ளூடூத்தில் அனுப்புவார்கள். இன்றைய பிளேயர் பார்க்கும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் மட்டும்தான் இறக்கும், நிறுத்தி வைத்தாலும் முழுதாக நிறையாது. அன்று நாங்கள் பார்த்தது எங்கள் கைக்கு வந்தது. பின்னால் நீக்கப்பட்ட சில வீடியோக்கள் இன்றும் எங்கேயாவது ஒரு பழைய ஹார்ட் டிஸ்கில் உயிரோடு இருப்பது அதனால்தான்.

இப்போது முக்கியமான பகுதிக்கு வருகிறேன்: என்ன மாதிரி வீடியோக்கள்? எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் ஒரு கிட்டார்க்காரர். 2005-ல் தைவானைச் சேர்ந்த ஜெர்ரி சாங் என்பவர், பழைய ஜெர்மன் இசையமைப்பாளர் பாகெல்பெல்லின் கேனன் இசையை எலக்ட்ரிக் கிட்டாருக்கு மாற்றி வாசித்து இணையத்தில் போட்டார். அதைக் கேட்ட தென் கொரிய இளைஞர் ஒருவர் தன் அறையில் உட்கார்ந்து வாசித்து, ஃபன்டூ என்ற பெயரில் ஒரு கொரியத் தளத்தில் போட்டார். பின்னால் ஜன்னல் வெளிச்சம், தலையில் தொப்பி, முகம் தெரியாது. கை மட்டும் பறக்கிறது. வேறொருவர் அதை எடுத்து யூட்யூபில் 'கிட்டார்' என்ற ஒற்றைச் சொல்லைத் தலைப்பாக வைத்து ஏற்றினார். உலகமே பார்த்தது. யார் இவர் என்று மாதக்கணக்கில் தேடினார்கள். நான்தான் அவர் என்று பொய் சொன்னவர்களும் உண்டு. 2006 ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸ்தான் அவர் பெயர் லிம் ஜியோங்-ஹியுன் என்று எழுதியது.

அவர் புகழைப் பார்த்து ஏங்கவில்லை. வாசிப்பில் உள்ள குறைகளைச் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன் என்ற எண்ணத்தோடுதான் போட்டிருந்தார். அதைவிட எனக்கு முக்கியம் அதற்கு அப்புறம் நடந்தது. நூற்றுக்கணக்கானவர்கள் அதே பாட்டைத் தங்கள் அறையில் உட்கார்ந்து வாசித்துப் போட்டார்கள். சிறுவர்கள், பெண்கள், வயதானவர்கள், தப்புத் தப்பாக வாசித்தவர்கள், ஃபன்டூவைவிட நன்றாக வாசித்தவர்கள். பிறகு ஒருவர் பல நாட்டு ஆட்களின் வாசிப்பைத் துண்டு துண்டாக எடுத்துச் சேர்த்து ஒரே பாட்டாகக் கோத்து ஏற்றினார். ஒரு வரி இங்கிருந்து, அடுத்த வரி அங்கிருந்து. அதில் யாருக்கும் ஒரு பைசா வரவில்லை. யூட்யூபில் அப்போது யாருக்குமே பணம் கிடையாது.

இன்னொருவர் பீட்டர் ஓக்லி. இங்கிலாந்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற பெரியவர், 1927-ல் பிறந்தவர், மனைவியை இழந்து தனியாக இருந்தவர். 2006 ஆகஸ்டில் ஜெரியாட்ரிக்1927 என்ற பெயரில் 'முதல் முயற்சி' என்று ஒரு வீடியோ போட்டார். இளைஞர்கள் போடும் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து இதற்கு அடிமையாகிவிட்டேன், நானும் ஒன்று செய்து பார்க்கலாமே என்று தோன்றியது என்கிற மாதிரிப் பேசினார். முகத்தில் தயக்கம், பேச்சில் மரியாதை. சில வாரங்களுக்குள் உலகத்திலேயே அதிகம் பேர் சப்ஸ்கிரைப் செய்த கணக்கு அவருடையதாகிவிட்டது. பதின்வயதுப் பிள்ளைகள் அவரிடம் கேள்வி கேட்டு வீடியோ அனுப்பினார்கள். அவர் போர்க்காலத்தைப் பற்றி, ராடார் மெக்கானிக்காக வேலை பார்த்ததைப் பற்றி, பள்ளி நாட்களைப் பற்றிப் பதில் சொன்னார். 2014-ல் தன் உடல்நிலையைச் சொல்லி விடைபெற்று ஒரு வீடியோ போட்டார், அடுத்த மாதம் காலமானார். எட்டு வருடம் பேசிக்கொண்டிருந்த மனிதர். தாத்தா இல்லாத பல பிள்ளைகளுக்கு அவர் தாத்தாவாக இருந்தார் என்று சொன்னால் அது மிகையில்லை.

மூன்றாவது, அண்ணன் விரலைக் குழந்தைத் தம்பி கடிக்கும் வீடியோ. நீங்களும் பார்த்திருப்பீர்கள். 2007 மே மாதம் இங்கிலாந்தில் ஒரு அப்பா அதை யூட்யூபில் போட்டதற்குக் காரணம், அமெரிக்காவில் இருந்த பிள்ளைகளின் ஞானத்தந்தைக்கு மெயிலில் அனுப்ப முடியாத அளவு கோப்பு பெரிதாக இருந்தது. அவ்வளவுதான். ஒரே ஒருவர் பார்ப்பதற்காக ஏற்றியது. அதை எண்பது கோடி முறைக்கும் மேல் பார்த்தார்கள்.

இந்த மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். முகம் தெரியாத கிட்டார்க்காரர், தனிமையில் இருந்த பெரியவர், ஒருவருக்கு அனுப்ப நினைத்த அப்பா. மூவருமே வீடியோவைக் கடிதம் மாதிரி பயன்படுத்தினார்கள். கடிதத்துக்குத் தலைப்பு கவர்ச்சியாக இருக்க வேண்டியதில்லை, முதல் ஐந்து நொடியில் ஆளைப் பிடித்து இழுக்க வேண்டியதில்லை.

தளத்தின் அமைப்பும் அதற்கு இடம் கொடுத்தது. 2006 மே மாதம் 'வீடியோ ரெஸ்பான்ஸ்' என்ற வசதி வந்தது. ஒரு வீடியோவுக்குக் கீழே உங்கள் வீடியோவைப் பதிலாக இணைக்கலாம். பெரிய சேனல்காரர் ஒருவரின் வீடியோவுக்குக் கீழே, பத்துப் பேர்கூடப் பார்க்காத ஒருவரின் பதில் வீடியோவும் தொங்கும். முகப்புப் பக்கத்தில் வரும் வீடியோக்களை யூட்யூப் ஊழியர்கள் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். 'இந்த நிமிடம் மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருப்பவை' என்று ஒரு வரிசை ஓடும். அதில் யார் வீடியோ வேண்டுமானாலும் வரும். ஐந்து நட்சத்திர மதிப்பெண் இருந்தது. சேனல் பக்கத்தின் நிறம், பின்னணிப் படம் எல்லாம் நாமே மாற்றலாம். பெரும்பாலும் கண் கூசும் அளவுக்கு மாற்றினோம். 2008-ல் அனோட்டேஷன் வந்தது. வீடியோ மேலேயே எழுத்தும் சுட்டியும் வைக்கலாம். அதை வைத்து 'இந்தக் கதவைத் திறக்கவா, அந்தக் கதவையா' என்று பார்ப்பவரே கதையை நடத்தும் வீடியோக்களைச் செய்தார்கள். யூட்யூபில் எனக்குத் தெரிந்து மிகவும் புதுமையான வடிவம் அதுதான்.

தமிழ் வீடியோக்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2006 மார்ச்சில் யூட்யூப் ஒரு வீடியோ 10 நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது என்று வரம்பு வைத்தது. அதனால் தமிழ்ப் படங்கள் 'பாகம் 1/15', 'பாகம் 2/15' என்று துண்டுகளாக வந்தன. ஏழாவது பாகம் மட்டும் எப்போதும் காணாமல் போயிருக்கும், இடைவேளைக்கு முந்தைய திருப்பம் அதில்தான் இருக்கும். வெளிநாட்டில் இருந்த ரசிகர்கள், வீட்டில் வைத்திருந்த பழைய விஎச்எஸ் கேசட்டிலிருந்தும் விசிடியிலிருந்தும் பாடல்களை ஏற்றினார்கள். மூலையில் ஏதோ ஒரு டிவியின் லோகோ, கீழே ஓடும் விளம்பர வரி, இடையில் கோடு விழும் படம். காப்புரிமைப்படி தவறு, சந்தேகமில்லை. ஆனால் கடைகளில் கிடைக்காத, எந்த நிறுவனமும் சீண்டாத எழுபதுகளின் பாடல்களை முதன்முதலில் எல்லோருக்கும் கேட்கக் கொடுத்தவர்கள் அவர்கள்தான். அவர்கள் எழுதிய விவரக்குறிப்பில் பாடியவர், எழுதியவர், ராகம்வரை இருக்கும். புகார் வந்து கணக்கு மூடப்பட்டபோது அந்த உழைப்பும் சேர்ந்து அழிந்தது.

2007-ல் நம் பாட்டு ஒன்று விசித்திரமான வழியில் உலகப் புகழ் பெற்றது. 2000-ல் வந்த 'பெண்ணின் மனதைத் தொட்டு' படத்தில் பிரபுதேவா ஆடும் 'கல்லூரி வானில்' பாடல். பஃபலாக்ஸ் என்ற பெயரில் இருந்த ஒரு அமெரிக்கர், தமிழ் வரிகள் தன் காதில் எப்படி ஆங்கிலமாக விழுந்தனவோ அப்படியே எழுத்தாக்கி அந்தப் பாட்டின் மேல் ஓட்டினார். 'பென்னி லாவா' என்று அது பரவியது. பிரபுதேவா யாரென்றே தெரியாதவர்கள் அவரை அந்தப் பெயரில் அழைத்தார்கள். எனக்கு அதில் இன்றுவரை சங்கடம் உண்டு. ஒரு மொழியை வெறும் வேடிக்கைச் சத்தமாக மாற்றியது அது. அதே சமயம் அந்த வீடியோவின் கீழே, 'இந்த மனிதர் ஆடுவதைப் பாருங்கள், வேறு எங்கே பார்க்கலாம்?' என்று கேட்டவர்களும் வந்தார்கள். இரண்டும் சேர்ந்துதான் அந்தக் காலம்.

ஏக்கத்தில் விட்டுப்போகும் மோசமான பக்கமும் உண்டு. யூட்யூபுக்கு முன்பே, 2003-ல், கனடாவில் ஒரு பள்ளி மாணவன் தனியாக ஒரு குச்சியைச் சுழற்றி ஸ்டார் வார்ஸ் சண்டை போடுவது போல விளையாடிப் பதிவு செய்திருந்ததை, கூடப் படித்தவர்கள் அவனைக் கேட்காமலே இணையத்தில் விட்டார்கள். உலகம் சிரித்தது. அவன் பள்ளியை விட்டு விலக வேண்டிவந்தது, குடும்பம் வழக்குப் போட்டது. யூட்யூபின் ஆரம்பகால 'வைரல்' வீடியோக்களில் இப்படி அனுமதி இல்லாமல் சிக்கியவர்கள் நிறைய. கமென்ட் பகுதியில் பெண்களும் கறுப்பினத்தவரும் குண்டானவர்களும் பட்ட பாடு கொஞ்சமில்லை, கண்காணிக்க ஆள் கிடையாது. ஏமாற்றும் இருந்தது. 2006 கோடையில் லோன்லிகேர்ள்15 என்று ஒரு பெண் தன் அறையிலிருந்து பேசிய வீடியோக்களை லட்சக்கணக்கானவர்கள் உண்மை என்று நம்பினார்கள். செப்டம்பரில் அவர் ஜெசிகா ரோஸ் என்ற நடிகை, எழுதி எடுத்த தொடர் அது என்று தெரியவந்தது. நம்பியவர்கள் கொதித்துப்போனார்கள். கேமரா முன்னால் பேசுகிறவர் உண்மையைத்தான் பேசுகிறார் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டிருந்ததால்தான் அந்தக் கோபம்.

அப்புறம் எப்படி மாறியது? பலரும் '2006-ல் கூகுள் வாங்கியதோடு போச்சு' என்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. கூகுள் வாங்காமல் இருந்திருந்தால் சர்வர் செலவிலும் வழக்குகளிலும் யூட்யூப் மூழ்கியிருக்கும். 2007 மார்ச்சில் வயாகாம் என்ற அமெரிக்க ஊடக நிறுவனம் 100 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டது, அது முடிய 2014 ஆனது. பணத்தையும் நான் குற்றம் சொல்ல மாட்டேன். விளம்பர வருமானத்தில் பங்கு தர 2007 மே மாதம் தொடங்கிய பார்ட்னர் திட்டத்தால்தான் கணக்குச் சொல்லிக் கொடுப்பவரும் சமையல் செய்பவரும் இதையே தொழிலாக வைத்துக்கொள்ள முடிந்தது. அது நல்லது.

என் பார்வையில் திசை மாறிய வருடம் 2012. அதுவரை எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதை வைத்துப் பரிந்துரைத்த யூட்யூப், அந்த வருடம் எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதற்கு மாறியது. நோக்கம் சரியானதுதான்: பொய்யான தம்ப்நெயில் வைத்து ஏமாற்றுவதைத் தடுப்பது. ஆனால் 40 நொடி, 50 நொடி வீடியோவை எப்போதாவது ஒன்று போடுகிறவர் அதில் காணாமல் போனார். நீளமாக, தவறாமல், வாரத்துக்கு இத்தனை என்று போடுகிறவர் மேலே வந்தார். அதாவது, கிட்டத்தட்ட ஒரு டிவி சேனல் மாதிரி நடத்துகிறவர். கூடவே நண்பன் அனுப்பும் லிங்கின் இடத்துக்குப் பரிந்துரைப் பட்டியல் வந்தது. 2010-ல் நட்சத்திரம் போய் லைக் பட்டன் வந்திருந்தது. 2013-ல் சேனல் பக்கங்கள் எல்லாம் ஒரே அச்சாகின. அதே வருடம் வீடியோ ரெஸ்பான்ஸை நிறுத்தினார்கள். அதைச் சொடுக்குகிறவர்கள் 10 லட்சத்துக்கு 4 பேர்தான் என்பது அவர்கள் சொன்ன காரணம். நம்புகிறேன். ஏனென்றால் அதற்குள் பார்க்கிறவர்கள் கூட்டமும் போடுகிறவர்கள் கூட்டமும் தனித்தனியாகிவிட்டன. 2019 ஜனவரியில் பழைய அனோட்டேஷன்களையும் மொத்தமாக அழித்தார்கள். கதவைத் தேர்ந்தெடுக்கும் அந்தக் கதை வீடியோக்கள் இன்று துண்டு துண்டாகத் தனித்து நிற்கின்றன, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக வழியில்லை. இதை நான் பெரிய இழப்பாக நினைக்கிறேன். வீடியோவை நீக்கவில்லை என்பதால் யாரும் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

இனி, தேடிப் பார்க்கும் வழி. யூட்யூப் தேடல் பெட்டியில் நீங்கள் தேடும் சொல்லுக்குப் பக்கத்தில், ஆங்கிலத்தில் 'பிஃபோர்' என்று எழுதி, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் 2008-01-01 என்று தேதி போடுங்கள். அதற்கு முன் ஏறியவை மட்டும் வரும். 'ஆஃப்டர்' என்றும் அதே மாதிரி போடலாம். இரண்டையும் சேர்த்தால் ஒரு குறிப்பிட்ட மாதத்தையே பிரித்தெடுக்கலாம். உங்கள் ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடிப் பாருங்கள், பேருந்து நிலையம், கோயில் திருவிழா, கல்லூரி ஆண்டுவிழா என்று ஏதாவது கிடைக்கும். இன்னொரு வழி, கேமரா தானாக வைக்கும் கோப்புப் பெயரைத் தேடுவது. கேனன் கேமராவில் எம்விஐ என்ற மூன்று ஆங்கில எழுத்துகளும் ஒரு நான்கு இலக்க எண்ணும் வரும். தலைப்பு மாற்றத் தெரியாமல் அப்படியே ஏற்றியவர்கள் ஏராளம். யாரும் பார்க்காத பிறந்தநாளும் மழையும் ரயில் பயணமும் அதில் கிடக்கின்றன. அன்றைய யூட்யூபின் பெரும்பகுதி உண்மையில் இவைதான், புகழ்பெற்ற வீடியோக்கள் ஓரம்தான். பழைய முகப்புப் பக்கம் எப்படி இருந்தது என்று பார்க்க வேண்டுமானால் பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் யூட்யூப் முகவரியைக் கொடுத்து 2006-ஐத் தேர்ந்தெடுங்கள். பக்கம் வரும், வீடியோக்கள் பெரும்பாலும் ஓடாது.

உங்கள் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ அந்தக் காலத்தில் எழுதிய சிடி இருந்தால் முதலில் அதை நகலெடுங்கள். வீட்டில் எழுதிய சிடிக்கள் நாளாக நாளாகப் படிக்க முடியாமல் போகின்றன, 2006-ல் எழுதியவற்றில் பலவும் இப்போதே தகராறு செய்யும். உள்ளே எஃப்எல்வி கோப்பு இருந்தால் பயப்பட வேண்டாம், ஃபிளாஷ் போனாலும் விஎல்சியில் ஓடும். ஓடிய பிறகு அதே வீடியோ இணையத்தில் இன்னும் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இல்லையென்றால், அதில் இருப்பவர்களிடம் கேட்டுவிட்டு ஏற்றுங்கள், தெரிந்த தேதியையும் ஊரையும் விவரக்குறிப்பில் எழுதுங்கள். யூட்யூபில் ஏற்றினால் மட்டும் போதாது, இன்டர்நெட் ஆர்க்கைவிலும் ஒரு பிரதி போடுங்கள்.

எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டால், பீட்டர் ஓக்லியின் முதல் வீடியோவிலிருந்து தொடங்குங்கள். பிறகு அவருடைய அடுத்த பத்து வீடியோக்களைத் தேதி வரிசையில் பாருங்கள். எந்தப் பிள்ளையின் எந்தக் கேள்விக்கு அவர் பதில் சொல்கிறார் என்பதைக் கவனித்துக்கொண்டே பாருங்கள்.